வாய் மூடி முடியும் பெயர்

"நான் கேட்டது ஒரே ஒரு கேள்விங்க்கா—"

"கேள்வியா? பத்துப் பேர் படிக்கிற குரூப்புல போட்டா அதுக்குப் பேரு கேள்வியா, கண்ணு?"

"சந்தேகம்னா அங்கதான் கேக்கணும்னு மாதவ் சொல்லி—"

"மாதவ் சொன்னாரு! நீ ஆறாவது மாடி, நான் மூணாவது மாடி. மூணு மாடி இறங்கி வந்து கேட்டா காலு தேஞ்சா போயிரும்?"

"நீங்க சமையலா இருப்பீங்கன்னு—"

"என்னைச் சமையக்கட்டுலயே வெச்சுப் பாரு!"

புனேயில், சாங்விப் பக்கத்து அந்த அடுக்குமாடியின் கீழே, ஒரே ஸ்கூட்டருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. கண் மட்டும் தெரியும்படி முகத்தைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டே சண்டை நடந்தது. வாயை மூடிக் கட்டினாலும் பேச்சு நிற்கவில்லை. துணிக்குள்ளிருந்து வந்தது, அவ்வளவுதான். வாட்ச்மேன் வேப்பங்குச்சியை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. சண்டை தெரியும்.

கிரிஜா மூத்த மருமகள். ஸ்ரீரஞ்சனி இளையவள். அண்ணன் தம்பியைக் கட்டிய இருவரும் ஒரே கட்டிடத்தில் குடியிருந்தது போதாதென்று, ஒரே ஆபீசிலும் வேலை பார்த்தார்கள். ஊருக்குள் கேம்ப் பகுதியில் ஒரு பழைய பேக்கரிக்கு மேலே, கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்கிற சின்னக் கம்பெனி. ஸ்ரீரஞ்சனியை அங்கே சேர்த்துவிட்டதே கிரிஜாதான். "என்ற ஓரகத்தி, கெட்டிக்காரி" என்று அவள் வாயாலேயே சிபாரிசு செய்தாள். அந்த வாயை இப்போது துப்பட்டாவுக்குள் கடித்துக்கொண்டாள்.

"இதுல கோவப்பட என்னங்க்கா இருக்குது?" ஸ்ரீரஞ்சனி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "பழைய மெஷினை லட்சம் தடவை ஓட விட்டுப் பாத்தேன். 'இத்ரேனு'ன்னு ஒரு தடவைகூட விழலை. ஆனா போன கேம்ல படகோட்டி பேரு இத்ரேனு. எந்த செட்டிங்ல விழுந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே நான் மெஷினைச் சரி பண்ண முடியும்?"

கிரிஜா வண்டியைக் கிளப்பினாள். பதில் சொல்ல முடியாது என்பதுதான் சங்கதி.

நாலு வருஷத்துக்கு முன்பு அந்த மெஷினை எழுதியவள் அவள்தான். மெஷின் என்றால் சக்கரமும் பட்டையும் உள்ளது அல்ல, கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஒரு கருவி. விளையாட்டில் ஒரு ஏரி வரும், ஏரிக்கரையில் கெஸ்தா என்று ஒரு ஜனம் வரும். உலகத்தில் இல்லாத ஜனம், உலகத்தில் இல்லாத பாஷை. அந்த பாஷையில் படகோட்டிக்கும் ராணிக்கும் ரொட்டி விற்கிறவளுக்கும் நூற்றுக்கணக்கில் பெயர் வேண்டும். எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வரலாம் என்று கிரிஜா விதி எழுதிக் கொடுத்தாள். பட்டனைத் தட்டினால் பெயர் விழும்.

விழுந்தது. கெர்ஸ்த்வக், வோவோவி, ஞ்ஸல்மெக். ஒரு பக்கத்தைப் படித்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக இருமுவது மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் மல்லுக்கட்டினாள். சரிப்படவில்லை. திங்கட்கிழமை நாற்பது பெயர் வேண்டுமென்று கம்பெனியை நடத்துகிற மாதவ் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் துணி காயப்போட்டபடி, கீழே கிரிக்கெட் விளையாடும் தன் இரண்டு பையன்களைச் சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் அவளுக்கு அது பிடிபட்டது. பெயர் என்றால் எழுதிப் பார்ப்பது இல்லை, கூப்பிட்டுப் பார்ப்பது. மூன்றாம் மாடியிலிருந்து கூப்பிட்டால் தரைக்குப் போய்ச் சேர வேண்டும். குக்கர் விசிலைத் தாண்ட வேண்டும். "பெல்ஹாரூஊ..." என்று கூப்பிட்டாள். நன்றாகப் போய்ச் சேர்ந்தது. கீழே அடுத்த வீட்டுப் பெண் நிமிர்ந்து பார்த்தது. சாயங்காலத்துக்குள் நாற்பது பெயரையும் வாயாலேயே வைத்து முடித்தாள்.

மெஷின் போட்டது என்று சொல்லி அனுப்பினாள்.

"ஏக் நம்பர்! அபாரம்!" என்றார் மாதவ். "கிரிஜாஜி, என்ன மெஷின் இது!"

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான், "வேணும்னா நானே உக்காந்து பேர் வெச்சுத் தரேனே" என்று கூட்டத்தில் கேட்டதற்கு, மாதவ் அன்பாகவே சிரித்திருந்தார். "பேர் வைக்க ஆள் எதுக்கு? மெஷின் செய்யத்தானே உங்களை எடுத்திருக்கு?" கையால் வைத்தால் அது பொழுதுபோக்கு, மெஷின் வைத்தால் இன்ஜினியர் வேலை. அப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது. ஆயிரத்து இருநூறு பெயர். அத்தனையும் கிரிஜா கூப்பிட்டுப் பார்த்து வைத்தவை. மெஷினுக்காக அவளுக்குப் பதவி உயர்வும் வந்தது. அதிலேதான் வினையும் வந்தது. மேலே போனவளுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். அடுத்த விளையாட்டுக்கு இருபதாயிரம் பெயர் வேண்டும், மெஷினை மேம்படுத்து என்று ஸ்ரீரஞ்சனியிடம் கொடுத்தார்கள்.

கட்கி சிக்னலில் ராணுவ லாரிகள் வரிசையாகப் போவதற்காக வண்டியை நிறுத்தினாள்.

"பழைய செட்டிங் ஒண்ணு இருந்துச்சு," என்றாள் கிரிஜா, திரும்பாமல். "லேப்டாப் மாத்தினப்ப போயிருச்சு."

ஸ்ரீரஞ்சனி பின்னாலிருந்து அவள் தோளோரம் சாய்ந்தாள்.

"சரிங்க்கா. போனாப் போகுது. நீங்க பொறுக்கி எடுத்து அனுப்பின ஆயிரத்து இருநூறு பேரு அப்படியே இருக்கில்ல? அதையே மெஷினுக்குக் குடுத்துப் பழக்கிடறேன். அதைப் பாத்து அதே மாதிரி போட அதுவே கத்துக்கும்."

சிக்னல் பச்சையாகி, கிளம்பிய வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்தினான்.

"என்ன ஆச்சுங்க்கா?"

"குழி," என்றாள் கிரிஜா. ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது.

*

பொறாமை ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் சமாளித்துக்கொள்ளலாம். அது வீடு முழுக்க நடமாட ஆரம்பித்தது. கிரிஜா புனே வந்து பதினாறு வருஷம். இன்னும் காய்கறிக்காரியிடம் ஓட்டை ஹிந்திதான். ஸ்ரீரஞ்சனி வந்து மூன்று வருஷம். மராத்தியில் நாலு வார்த்தை கொஞ்சிப் பேசி, கொத்தமல்லிக் கட்டைச் சும்மாவே வாங்கிக்கொண்டு போகிறாள். இத்தனை நாள் அதைப் பார்த்துச் சிரித்த கிரிஜாவுக்கு இப்போது அந்தக் கொத்தமல்லி வாசனையே பிடிக்கவில்லை.

ஆபீசில் இன்னும் மோசம். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஸ்ரீரஞ்சனி பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பாள்.

"அக்கா, இந்த 'ஒஸ்தீலா' பாருங்க, என்ன அழகு! இதை ஒரு மெஷின் எப்படித்தான் போட்டுச்சோ!"

புகழ்கிறாளா, குத்துகிறாளா? கிரிஜாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் கள்ளம் தெரியவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"ஏம்புள்ள, சட்டினியில உப்பே இல்லை," என்றார் அவள் புருஷன் அருணாச்சலம் ஒரு காலையில். கட்கி தொழிற்சாலை ஆபீசுக்கு ஏழரைக்கே கிளம்புகிறவர். பெயர் ரகசியம் தெரிந்த ஒரே ஆள்.

"அவளோட மெஷின் கத்துக்கிச்சாம்."

"உன்ற பேரைப் படிச்சுத்தானே கத்துக்குது? உனக்குத்தானே பெருமை?"

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"நீங்க கைதட்டினா போதுமா எனக்கு?"

"அப்ப போய்ச் சொல்லிப்போடு."

"ஏனுங்க, புரிஞ்சுதான் பேசறீங்களா? சொன்னா, நாலு வருஷமா மெஷின்னு ஏமாத்தினவ ஆவேன். சொல்லாட்டி, என்ற ஆயிரத்து இருநூறும் அவ மெஷினுக்கு அம்மா வீட்டுச் சீர் மாதிரி போயிரும். எதை விடறது?"

அருணாச்சலம் உப்பில்லாத சட்டினியை அப்படியே தொட்டுச் சாப்பிட்டு எழுந்தார். தம்பி மனைவி விஷயத்தில் வாயைத் திறந்தால் மத்தியான டப்பாவிலும் உப்பு இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

அன்று மதியம் ஸ்ரீரஞ்சனி காகிதத்தோடு வந்தாள். பெயர்ப் பட்டியலில் இரண்டே இரண்டு பெயரைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். ஸாவிம். தெரூம்.

"பொம்பளைங்க பேரு எல்லாம் இழுத்து முடியுதுங்க்கா. ஒஸ்தீலா, மோரூஷா, பெல்ஹாரு. இந்த ரெண்டு மட்டும் ஏன் டக்குனு நிக்குது? தப்பா விழுந்ததா? எடுத்துடட்டுமா?"

கிரிஜா அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்தாள். இது தப்பல்ல. இதுதான் அவள் வைத்ததிலேயே நல்லது.

கெஸ்தாப் பெண்களின் பெயர் எல்லாம் வாய் திறந்தபடி முடியும். இருட்டும் நேரத்தில் அம்மா கரையில் நின்று இழுத்துக் கூப்பிட வேண்டுமல்லவா, அதற்காக. பிறந்த வீட்டுக் கதவு மூடிவிட்ட ஒருத்தி இருந்தால், அவள் பெயரை இழுத்துக் கூப்பிட இனி ஆளில்லை. அதனால் அவள் தன் பெயரின் கடைசி ஒலியை விட்டுவிடுவாள். பெயர் வாய் மூடி முடியும். நாலு வருஷத்தில் கதையில் அப்படி இரண்டு பெண்கள்தான் வந்தார்கள். ஒருத்தி ஸாவிம், ஒருத்தி தெரூம். இந்த வழக்கத்தை கிரிஜா எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரிடமும் சொன்னதில்லை. அருணாச்சலத்திடம்கூட.

"எனக்கென்ன தெரியும்? மெஷின் போட்டது. இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

ஸ்ரீரஞ்சனி உடனே போகவில்லை. "ஸாவிம்," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். சொல்லி முடித்ததும் உதடு ஒட்டிக்கொண்டது. மறுபடியும் சொன்னாள். பிறகு காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அருணாச்சலத்தின் தம்பி சந்துருவைத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். பொள்ளாச்சியில் அம்மா மூன்று வருஷமாகப் போன்கூட எடுப்பதில்லை. வருஷா வருஷம் மே மாதம் கிரிஜா பையன்களோடு கோயமுத்தூர் கிளம்பும்போது, ஸ்ரீரஞ்சனி கீழே வந்து பெட்டியை டாக்சியில் ஏற்றிவிடுவாள். "என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்றால், "ஒண்ணும் வேண்டாங்க்கா" என்பாள்.

கிரிஜாவுக்கு அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. வந்திருக்கலாம். பொறாமைக்காரிக்கு அடுத்தவள் வாங்கிய கொத்தமல்லி ஞாபகம் இருக்கும், வாங்காதது எங்கே இருக்கும்?

*

வெள்ளிக்கிழமை புது மெஷினை எல்லோருக்கும் காட்டுவதாக ஏற்பாடு. அன்று காலை கிரிஜா கைப்பைக்குள் ஒரு நோட்டை வைத்துக்கொண்டாள். நாலு வருஷம் அடித்து அடித்து எழுதிய நோட்டு. பெல்ஹாருவுக்கு முன் பெல்காரு, அதற்கு முன் வெல்ஹாரோ, எல்லாம் அவள் கையெழுத்தில் தேதியோடு. ஆனது ஆகட்டும், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்தாள். ஏமாற்றுக்காரி என்றாலும் சரி, ஆயிரத்து இருநூறுக்கும் அம்மா யார் என்று தெரிந்துவிடும்.

கீழே பேக்கரியில் பிஸ்கட் வேகிற வாசனை படியேறி வந்தது. பத்துப் பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். திரை எரிந்தது. ஸ்ரீரஞ்சனி பட்டனைத் தட்டினாள். பெயர்கள் விழுந்தன.

கிரிஜா ஒவ்வொன்றாக மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தாள். போய்ச் சேர்ந்தது. அடுத்தது. அதுவும் போய்ச் சேர்ந்தது. ஒன்றிலாவது இருமல் வராதா என்று தேடினாள். வரவில்லை. தன் குரலை யாரோ தொண்டையோடு எடுத்துப் போய்ப் பேசுவது மாதிரி இருந்தது.

"எனக்கு ஒண்ணு வேணும்," என்றாள் ரீனா. விளையாட்டின் கதை எழுதுகிறவள் அவள்தான். "ஒரு கிழவி. படகுக்காரி. அக்கரை ஊர்தான் அவளுக்குச் சொந்த ஊர், ஆனா அங்க அவளைச் சேர்க்க மாட்டாங்க. தினமும் பாதி ஏரி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடுவா. அவளுக்கு ஒரு பேர்."

"அப்படியெல்லாம் கேட்டா மெஷினுக்குப் புரியுமா?" என்றார் மாதவ்.

"பொம்பளை, வயசானவள்னு மட்டும் குடுக்கலாம்," என்றாள் ஸ்ரீரஞ்சனி. குனிந்து ஏதோ தட்டினாள். கொஞ்சம் கூடுதல் நேரம் தட்டினாள் என்று கிரிஜாவுக்குத் தோன்றியது. இருபது பெயர் திரையில் வந்தது.

பத்தொன்பது வாய் திறந்து முடிந்தன. பதினாலாவது மட்டும்:

ஓரெம்.

ரீனா எழுந்தே விட்டாள். "இது! இதுதான். ஏன்னு கேக்காதீங்க, இவதான் அவ."

கிரிஜாவின் உதடு தானாக அதைச் சொல்லிப் பார்த்தது. தொடக்கத்தில் "ஓ" என்று ஒரு கூப்பாடு, பாதி ஏரி வரை போகிறது. போன இடத்தில் வாய் மூடிக்கொள்கிறது. ஸாவிமும் தெரூமும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. தான் வைத்த ஆயிரத்து இருநூற்றில் ஒன்றுகூட இதற்குப் பக்கத்தில் நிற்காது என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. பெயர் விஷயத்தில் அவளை அவளே ஏமாற்றிக்கொள்ள முடியாது.

"ஏக் நம்பர்!" மாதவ் மேஜையைத் தட்டினார். "ஸ்ரீரஞ்சனி, பழைய மெஷினைத் தூக்கிச் சாப்பிட்டுடுச்சே இது!"

கிரிஜாவின் கை பைக்குள் போயிருந்தது. நோட்டின் முனை விரலில் பட்டது. இப்போதுதான் சமயம்.

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் ஸ்ரீரஞ்சனி, எல்லோருக்கும் கேட்கும்படி. "பழைய மெஷின் இல்லைன்னா இது இல்லை. அக்கா எழுதினது அது. நான் தூசி தட்டினேன், அவ்வளவுதான். கைதட்டறதா இருந்தா அக்காவுக்குத் தட்டுங்க."

தட்டினார்கள். மாதவ் எழுந்து நின்று தட்டினார். கிரிஜா நோட்டை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தாள். இருமல் மட்டும் போடத் தெரிந்த மெஷினுக்காக அவளைப் பாராட்டினார்கள். அவள் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்?

*

எல்லோரும் டீ குடிக்கக் கீழே போனபோது அவள் போகவில்லை. ஸ்ரீரஞ்சனியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பொம்பளை, வயசானவள், ஆயிரம் பெயர் என்று கொடுத்துத் தட்டினாள். ஆயிரமும் வாய் திறந்தே முடிந்தன. இன்னொரு ஆயிரம். அதுவும் அப்படியே. மூன்றாவது ஆயிரத்தில் ஒன்றே ஒன்று, கிலூம் என்று, வாய் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மூவாயிரத்தில் ஒன்று விழுகிறது. ஆக, விழவே விழாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் இருபதில் ஒன்றாக, ரீனா கேட்ட அந்தக் கிழவிக்கென்றே, பதினாலாவது இடத்தில் பார்த்து விழுமா?

படியில் காலடி கேட்டதும் எழுந்துகொண்டாள்.

*

திரும்பும்போது வண்டியில் இருவருக்கும் நடுவில் கைப்பை, பைக்குள் நோட்டு. அதன் விளிம்பு ஸ்ரீரஞ்சனியின் வயிற்றில் இடித்திருக்க வேண்டும். கட்கி வந்ததும் வழக்கமான சிக்னலில் சிவப்பு விழுந்தது. சாயங்கால லோக்கல் ஒன்று ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"அக்கா."

"ம்."

"இன்னும் கோவமா?"

"கோவமென்ன கோவம்?"

"பையில என்னங்க்கா இவ்ளோ கனமா?"

"பழைய நோட்டு."

"செட்டிங் எழுதின நோட்டா?" சாதாரணமாகத்தான் கேட்டாள். துணிக்குள்ளிருந்து வந்த குரலில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் ஹெல்மெட்டும், கட்டிய துப்பட்டாவும், நடுவே இரண்டு கண்ணும். அந்தக் கண்கள் கிரிஜாவைப் பார்க்கவில்லை. லோக்கல் போன திசையில் இருந்தன.

மெஷின் போட்டது என்றால், அது தன் ஆயிரத்து இருநூறையும் படித்துக் கற்றுக்கொண்டு போட்டது. ஓரெம்மும் தனக்குப் பிறந்ததுதான். கிரிஜா இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடலாம். இவள் வைத்தது என்றால், துணி காயப்போட்டபடி தான் சும்மா கற்பனை செய்த ஒரு வழக்கத்தை இவள் யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டாள், தன்னைவிட நன்றாகவும் வைத்துவிட்டாள். நாலு வருஷம் தான் செய்ததையே செய்திருக்கிறாள். தனக்கு எட்டாத இடத்தில் போய்ச் செய்திருக்கிறாள். மே மாதத்து டாக்சியும், "ஒண்ணும் வேண்டாங்க்கா"வும் இப்போது ஞாபகம் வந்தன. வந்தும் மனசு இரங்காமல், அதிலும் தனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று இவளுக்குக் கிடைத்திருப்பதாக எரிந்தது. சீ என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். அப்போதும் எரிச்சல் அடங்கவில்லை.

சிக்னலில் இன்னும் பத்து நொடி இருந்தது. எண்கள் இறங்கின. கிரிஜா துப்பட்டாவை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"இத பாரு ரஞ்சனி, நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்லை, எனக்கு மட்டும் சொல்லு. அந்த ஓரெம் மெஷின் போட்டதா, நீ வெச்சதா?"